படித்துக் காட்டப்பட்டது

அன்பு அப்பாவுக்கு,

மைசெல்ஃப் வசந்தா. இப்படி ஆரம்பிப்பது தப்பு என்று உங்களுக்குச் சொன்னதே நான்தான். இன்றைக்கு வேண்டுமென்றே இப்படி ஆரம்பிக்கிறேன். நீங்கள் இருந்திருந்தால் முதலில் சிரித்திருப்பீர்கள். பிறகு, "காலேஜுல படிச்ச புள்ள, நீயே இப்படி எழுதலாமாத்தா?" என்று கேட்டிருப்பீர்கள்.

நீங்கள் போய் இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. அம்மா இருக்கிறாள். இடது முழங்கால் மட்டும் மடங்க மாட்டேன் என்கிறது. உங்கள் சைக்கிளைப் பழைய சாமான்காரனுக்குப் போடலாம் என்று சொன்னால் அன்றைக்கு முழுக்க என்னோடு பேசுவதில்லை. சமயநல்லூரில் நம் தெருமுனை வரைக்கும் தார் போட்டிருக்கிறார்கள். வைகையில் இந்த வருஷமும் தண்ணீர் இல்லை, மணல்தான்.

இதையெல்லாம் சொல்ல நான் உட்காரவில்லை. மில்லில், பஞ்சைச் சீவும் ஏழாம் நம்பர் கார்டிங் மெஷின் இன்னொரு கையை எடுத்துவிட்டது அப்பா. அதே மெஷின். அதே பக்கத்து மூடி. இந்தத் தடவை கீழக்குயில்குடி கருப்பையா. வலது கை, மணிக்கட்டோடு.

உங்கள் படத்துக்கு முன்னால் நின்று இதை மனதுக்குள் சொல்லிக்கொண்டிருக்கலாம். ஆனால் பதினொரு வருஷத்துக்கு முன்னால் நீங்கள் எனக்காக ஒரு பொய் சொன்னீர்கள். பலபேர் உட்கார்ந்திருந்த அறையில், எல்லோரும் கேட்கும்படி சொன்னீர்கள். அதற்கு நான் சொல்ல வேண்டிய பதிலையும் நாலு பேர் கேட்கும்படிதானே சொல்ல வேண்டும்? அதனால்தான் இதை அச்சுக்குக் கொடுக்கிறேன். உங்களைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காக, உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணம் முறிந்து, ஒரு தகரப் பெட்டியோடு நான் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது எனக்கு முப்பத்தொரு வயது. நீங்கள் ஒரு கேள்வி கேட்கவில்லை. அடுத்த மாதம் மில் மேனேஜர் அறைக்கு என்னை அழைத்துக்கொண்டு போனீர்கள். இருபத்தாறு வருஷம் அந்த மில்லில் பஞ்சுத் தூசியை விழுங்கிய நீங்கள், மேனேஜர் அறைக்குள் அதற்கு முன் ஒரு தடவைகூடப் போனதில்லை. செருப்பை வெளியே கழற்றிவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி, வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்ததைச் சொன்னீர்கள்: "மைசெல்ஃப் முத்தையா, கார்டிங். திஸ் மை டாட்டர். பி.ஏ. இங்கிலீஷ்."

மேனேஜர் உதட்டைக் கடித்துக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆபீசில் தற்காலிக டைப்பிஸ்ட் வேலை கிடைத்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தைக்கூட அனுபவிக்காமல், பரவை பஸ் நிறுத்தம் வரைக்கும் உங்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டே வந்தேன்.

"அப்பா, மைசெல்ஃப்னு ஆரம்பிக்கக் கூடாது. 'ஐ'ன்னுதான் சொல்லணும்."

"ஏன், நானும் மைசெல்ஃபும் ஒண்ணுதானே?"

"இல்லப்பா. நான் செஞ்சது எம்மேலேயே திரும்பி வந்தாத்தான் மைசெல்ஃப். நான் என்னையவே கண்ணாடியில பாத்துக்கிட்டேன். நான் என்னையவே திட்டிக்கிட்டேன். அந்த மாதிரி எடத்துல."

நீங்கள் கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே நடந்தீர்கள். "செஞ்சவனும் அவனே, பட்டவனும் அவனே. அப்படித்தானே?"

"அம்புட்டுதான். இன்னொண்ணும் இருக்கு. வேற யாரும் இல்ல, நானேதான் செஞ்சேன்னு அழுத்திச் சொல்றதுக்கும் அதைப் போடலாம்."

"அப்ப அது நல்ல வார்த்தை இல்லத்தா. போலீசு டேசன்ல சொல்ற வார்த்தை மாதிரியில்ல இருக்கு" என்று சொல்லிவிட்டு, பஸ் வரும் வரைக்கும் சிரித்தீர்கள்.

அதற்குப் பிறகு அது வீட்டு விளையாட்டாகிவிட்டது. ஷிப்ட் முடிந்து தலையெல்லாம் பஞ்சோடு வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, "மைசெல்ஃப் வந்துட்டேன், சோத்தப் போடு" என்பீர்கள். அம்மா அடுப்படியிலிருந்து, "எந்த செல்ப்பு? செல்ப்பு மேல வெறும் டம்ளர்தான் இருக்கு" என்பாள். ஒவ்வொரு நாளும் அதே பேச்சு. ஒவ்வொரு நாளும் நீங்கள் இருவரும் புதிதாகக் கேட்பதுபோலச் சிரிப்பீர்கள்.

ஒருநாள் சாப்பிடும்போது நீங்கள் சிரிக்கவில்லை. "ஏழாம் நம்பர் மிசின்ல மூடியோட கொக்கி போயிருச்சு. பிட்டர்கிட்ட மூணு வாட்டி சொல்லிட்டேன். சணலப் போட்டுக் கட்டிட்டுப் போறான். அது அவுந்து அவுந்து விழுது" என்று அம்மாவிடம் சொன்னீர்கள். அந்த மூடிக்கு உள்ளேதான் பஞ்சை இழுக்கும் பல் உருளை சுற்றிக்கொண்டிருக்கும். அம்மா, "நிறுத்திட்டுப் பாக்கக் கூடாதா?" என்றாள். "நிறுத்துனா உற்பத்தி கொறஞ்சுச்சுன்னு மேஸ்திரி கத்துவான்" என்றீர்கள். நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். சணலைப் பற்றி எனக்குத் தெரியும். இதை இங்கே எழுதி வைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கிறது.

பத்து நாள் கழித்து அந்த மூடி விழுந்தது. நீங்கள் அடைத்திருந்த பஞ்சைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தீர்கள். சணல் அவிழ்ந்து, மூடி முழங்கையில் விழுந்து, கையை உள்ளே தள்ளிவிட்டது. ஆபீசில் நான் ஏதோ கடிதம் அடித்துக்கொண்டிருந்தேன். கார்டிங் பக்கத்துச் சத்தம் நின்றது. ஓடிக்கொண்டே இருக்கும் சத்தம் நின்றால் காது அடைத்த மாதிரி இருக்கும். யாரோ, "வசந்தாக்கா, வெளிய வராதீங்க" என்று கத்திக்கொண்டு வந்தார்கள்.

மறுநாள் காலையில் ஹெட்கிளார்க் சுப்பராமன் என்னைக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை. முந்தின நாள் உங்களோடு வேனில் பெரியாஸ்பத்திரிக்குப் போனதும் அவர்தான். அவர் சட்டையிலிருந்த உங்கள் ரத்தத்தை அவர் மனைவி கழுவியதாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

"எம்மா, உங்கப்பாகிட்ட வாக்குமூலம் ஒண்ணு வாங்கணும். ரிப்போர்ட்டோட சேத்துத் தொழிற்சாலை ஆய்வாளருக்குப் போகணும்."

"என்ன எழுதணும் சார்?"

"புதுசா என்ன எழுதப் போற? இந்தா பழைய பைலு. பேரு, டிக்கெட் நம்பரு, தேதி, இதை மட்டும் மாத்து."

நம் ஆபீசில் எந்தக் காகிதமும் புதிதாக எழுதப்படுவதில்லை அப்பா. லீவு லெட்டரிலிருந்து சாவுச் சகாயம் வரைக்கும் பழைய பைலைப் பார்த்து அடிப்பதுதான் வழக்கம். முன்னால் போன காகிதம் எந்தக் கேள்வியும் இல்லாமல் போயிருந்தால், அதுதான் சரியான காகிதம். அதற்குள் இருப்பது நடந்ததா என்று எவரும் பார்ப்பதில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அந்தப் பழைய வாக்குமூலம், எந்தக் காலத்திலோ விரல் போன ஒருவருடையது. ஓட்டை இங்கிலீஷ். 'மைசெல்ஃப் மூடியைத் திறந்தது' என்று ஆரம்பித்து, காயம் பட்ட இடத்தில் வெறும் 'மீ' என்று முடிந்திருந்தது. போட வேண்டிய இடத்தில் போடாமல், போடக் கூடாத இடத்தில் போட்டிருந்தார்கள். என்னால் அதை அப்படியே அடிக்க முடியவில்லை. திருத்தினேன். மூடியை நானே திறந்தேன் என்பதில் ஒரு மைசெல்ஃப். என்னை நானே காயப்படுத்திக்கொண்டேன் என்பதில் இன்னொரு மைசெல்ஃப். முதலாவது அழுத்தம், இரண்டாவது திரும்பி வருவது. கல்லூரியில் கற்றுக்கொண்ட இரண்டு விதியும் ஒரே வாக்கியத்தில், இரண்டும் அதனதன் இடத்தில்.

உங்கள் கை போன மறுநாள், உங்கள் மகள் செய்த வேலை இது.

சுப்பராமன் சார் படித்துவிட்டு, "அடேயப்பா, இதுவுல்ல இங்கிலீசு" என்றார். கடைசியில் எப்போதும் அடிக்கும் வரி ஒன்று உண்டு. 'மேற்கண்டது இன்னாராகிய எனக்குத் தமிழில் படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொள்கிறேன்.' அதற்கும் கீழே, 'படித்துக் காட்டியவர்' என்று போட்டு ஒரு கையெழுத்துக்கு இடம். "நீயே போயிட்டு வந்துரு. சொந்த மக, உனக்கில்லாத உரிமையா?" என்றார்.

ஆஸ்பத்திரியில் உங்கள் வலது கை இருந்த இடத்தில் பெரிய கட்டு. கையெழுத்துப் போடத் தெரிந்த மனிதர் நீங்கள். சம்பளப் பதிவேட்டில் மற்றவர்கள் ரேகை வைக்கும்போது, பேனா கேட்டு வாங்கி 'முத்தையா' என்று கடைசி எழுத்தைக் கீழே இழுத்துப் போடுவீர்கள். அன்றைக்கு நான் உங்கள் இடது பெருவிரலைப் பிடித்து மையில் தொட்டேன்.

"என்னத்தா இது?"

"ரிப்போர்ட்டுப்பா. மில்லுக்கு."

"நீ எழுதுனதா?"

"ஆமாப்பா."

"சரியா இருக்கா?"

"சரியா இருக்குப்பா. ஒரு தப்புகூட இல்ல."

நீங்கள் வேறெதுவும் கேட்கவில்லை. நான் படித்துக் காட்டவில்லை. 'படித்துக் காட்டியவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். உங்கள் விரலை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, மில்லுக்குப் பஸ் ஏறினேன்.

அந்த ஒரு காகிதத்தை வைத்துத்தான் உங்கள்மேல் விசாரணை வந்தது. உத்தரவை மீறி, ஓடும் மெஷினில் மூடியைத் திறந்தார், தன் கவனக்குறைவால் இயந்திரத்துக்கும் உற்பத்திக்கும் சேதம் விளைவித்தார் என்று குற்றச்சாட்டு. அவசரநிலைக் காலம். யூனியன் ஆபீசுக்குப் பூட்டுப் போடாததுதான் குறை. ஆனாலும் யூனியன்காரர் இருளப்பண்ணன் உங்கள் பக்கம் உட்கார அனுமதி வாங்கியிருந்தார். அறைக்கு வெளியே நடைபாதையில் அவர் உங்களிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"அண்ணே, அவங்ககிட்ட இருக்கிறது அந்த ஒரு காகிதம்தான். எனக்கு யாரும் படிச்சுக் காட்டலைன்னு ஒத்தை வார்த்தை சொல்லுங்க. காகிதம் செத்துப்போயிரும். பெறகு சணலக் கொண்டாந்து மேசையில போடுறேன்."

"படிச்சுக் காட்டுனதா யாரு கையெழுத்துப் போட்டிருக்கா?" என்று நீங்கள் கேட்டீர்கள்.

இருளப்பண்ணன் கதவு வழியாக உள்ளே பார்த்தார். உள்ளே டைப்ரைட்டருக்கு முன்னால் நான் உட்கார்ந்திருந்தேன். விசாரணையைப் பதிவு செய்யும் வேலை என்னுடையது. என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

உங்களை உட்கார வைத்தார்கள். வெள்ளைச் சட்டை. வலது கையின் மேல் துண்டைப் போட்டு மூடியிருந்தீர்கள். விசாரணை செய்ய டவுனிலிருந்து ஒரு வக்கீல் வந்திருந்தார்.

"இது உம்ம ரேகைதானா?"

"ஆமாய்யா."

"இதுல உள்ளதைத் தமிழ்ல படிச்சுக் காட்டுனாங்களா?"

நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. டைப்ரைட்டரைப் பார்த்தீர்கள். இருளப்பண்ணன் உங்கள் முழங்கையை மெதுவாகத் தொட்டார்.

"காட்டுனாங்கய்யா. எம்மகதான். நிறுத்தி நிறுத்தி, நல்லா வெளங்குற மாதிரி படிச்சுக் காட்டுச்சு."

நான் அதை அடித்தேன் அப்பா. நீங்கள் சொன்னபடியே, ஒரு எழுத்துப் பிழை இல்லாமல்.

நிறுத்தி நிறுத்தி என்று ஏன் சேர்த்தீர்கள்? ஆமாம் என்று மட்டும் சொல்லியிருந்தால் போதுமே. பதினொரு வருஷமாக அந்த இரண்டு வார்த்தை என்னைத் தூங்க விடவில்லை. என்மேல் எவருக்கும் ஒரு சந்தேகமும் வந்துவிடக் கூடாது என்றுதானே அவ்வளவு அழுத்திச் சொன்னீர்கள்?

உங்களை வேலையிலிருந்து நீக்கினார்கள். ஆறு மாதத்தில் என் வேலை நிரந்தரமானது. ஆர்டரைக் கொண்டுவந்து காட்டியபோது, "நல்லது தாயி" என்றீர்கள். இடது கையால் வாங்கக் கூடாது என்று ஆர்டரை வாங்கவில்லை. அம்மாவிடம் கொடுக்கச் சொன்னீர்கள்.

இடது கை. அதைப் பற்றி எப்படி எழுதுவது? நீங்கள் அதற்குப் பிறகு ஒரு கல்யாணப் பந்தியிலும் உட்காரவில்லை. இலையில் இடது கையை வைத்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் முகம் சுளிப்பார் என்று, தாலி கட்டியதும் கிளம்பிவிடுவீர்கள். பிறகு தாலி கட்டுக்கும் போவதில்லை. வீட்டிலேயே சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டீர்கள். தங்கச்சி கல்யாணத்தில் தாரை வார்த்துக்கொடுக்கச் சித்தப்பாவை நிற்க வைத்துவிட்டு, பந்தலுக்கு வெளியே சைக்கிளுக்குக் காவல் நின்றீர்கள். ஒன்பது வருஷம். மைசெல்ஃப் என்ற வார்த்தை நம் வீட்டில் மறுபடி கேட்கவில்லை. அம்மாவும் டம்ளர் இருக்கிறது என்று சொல்லவில்லை.

ஒருமுறை கேட்டிருக்கலாம் நான். "ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க?" என்று. தினமும் மாலையில் ஒரே முற்றத்தில்தான் உட்கார்ந்திருந்தோம். நீங்களும் கேட்டிருக்கலாம். "ஏன்த்தா படிச்சுக் காட்டல?" என்று. கேட்டுவிடுவீர்களோ என்று நானும், கேட்டால் நான் அழுதுவிடுவேனோ என்று நீங்களும், மழை வருமா என்றே ஒன்பது வருஷம் பேசித் தீர்த்தோம்.

இப்போது கருப்பையா.

போன வியாழக்கிழமை காலையில், புதிதாகச் சேர்ந்திருக்கும் டைப்பிஸ்ட் மல்லிகா ஒரு காகிதத்தோடு என் மேசைக்கு வந்தாள். நல்ல பெண். சுறுசுறுப்பு. சுப்பராமன் சார் போன மாதம் ஓய்வு பெற்ற பிறகுதான் இந்த விபத்துக் காகிதமெல்லாம் என் மேசை வழியாகப் போகிறது.

"மேடம், கருப்பையா வாக்குமூலம். நீங்க பாத்துட்டீங்கன்னா ஆஸ்பத்திரிக்குப் போயி ரேகை வாங்கியாந்துருவேன்."

முதல் வரியைப் படித்தேன். இரண்டாம் வரியைப் படிக்க வேண்டியிருக்கவில்லை. எனக்கு மனப்பாடம்.

"எதைப் பாத்து அடிச்ச?"

"பழைய பைலு மேடம். நீங்க அடிச்சதாம்ல? இந்த ஆபீசுலயே அதுதான் நல்ல இங்கிலீசு, அதையே வச்சுக்கன்னு புது ஹெட்கிளார்க் சார் சொன்னாரு. இதுவரைக்கும் எல்லாருக்கும் அதைத்தான் போட்டிருக்காங்க. பேரு மட்டும் மாத்துனேன்."

எல்லாருக்குமா? பதினொரு வருஷத்தில் விரல் போனவர்கள், நகம் போனவர்கள், மண்டை உடைந்தவர்கள், எல்லாரும் உங்கள் வாக்குமூலத்தையா கொடுத்திருக்கிறார்கள்?

மேலே கருப்பையாவின் பெயரும் டிக்கெட் நம்பரும் சரியாக இருந்தன. கடைசி வரியில் மாற்ற மறந்துவிட்டாள். 'முத்தையாவாகிய எனக்குத் தமிழில் படித்துக் காட்டப்பட்டது' என்று இருந்தது.

"அய்யய்யோ, மேடம். ரப்பர் போட்டு அழிச்சுட்டு அடிச்சுர்றேன். யாரு மேடம் அந்த முத்தையா?"

"எங்கப்பா" என்றேன்.

அவள் கையிலிருந்து காகிதத்தை வாங்கிக்கொண்டு நானே ஆஸ்பத்திரிக்குப் போனேன். கருப்பையா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவர் மனைவி ஸ்டாம்பு பேடைப் பார்த்ததும் எழுந்து, "எங்க வைக்கணும்க்கா?" என்று அவர் இடது கையை எடுத்து நீட்டினாள். எப்படித் தெரிகிறது பாருங்கள் இவர்களுக்கு, காகிதம் வந்தால் கை நீட்ட வேண்டும் என்று.

"மொதல்ல படிக்கிறேன், கேளுங்க" என்றேன்.

தமிழில் படித்தேன். நிறுத்தி நிறுத்தி. பாதியிலேயே கருப்பையா திரும்பினார்.

"எக்கா, நான் எங்க மூடியத் திறந்தேன்? கம்பி அத்துப்போச்சு, அதுவா விழுந்துச்சு. போன வாரமே சொன்னேனே."

உங்கள் காலத்துச் சணல் இப்போது கம்பியாகிவிட்டது அப்பா. இவ்வளவுதான் முன்னேற்றம். கையை விட்டவன்தான் குற்றவாளி என்று பதிவேட்டில் எழுதி மூடிவிட்ட பிறகு, கொக்கியை யார் மாற்றுவார்கள்?

பிறகு அவர் சொன்னதை எழுதத்தான் வேண்டும். "முத்தையாண்ணனும் இதே மிசின்தானேக்கா? வேலைக்குச் சேந்தப்ப எங்களுக்கெல்லாம் சொல்லிக்குடுத்தாங்க. 'முத்தையான்னு ஒருத்தன், சொன்ன பேச்சக் கேக்காம அவனாவே கைய விட்டுக்கிட்டான், அவனை மாதிரி செஞ்சுறாதீங்க'ன்னு. நானும் அவர நெனச்சு நெனச்சுத்தான் சூதானமா இருந்தேன்."

அவருக்கு நான் உங்கள் மகள் என்று தெரியாது. நான் எழுந்து வராந்தாவுக்குப் போய்க் கொஞ்ச நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்து, அவர் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதினேன். கொக்கி, கம்பி, யாரிடம் சொன்னார், எத்தனை முறை சொன்னார். இரண்டு தடவை படித்துக் காட்டினேன். ஒரு இடத்தில் திருத்தச் சொன்னார், திருத்தினேன். பிறகுதான் ரேகை. அந்தக் காகிதத்தோடு இன்னொன்றும் என் கையால் எழுதிச் சேர்த்தேன். பதினொரு வருஷத்துக்கு முன் முத்தையா என்ற தொழிலாளியின் வாக்குமூலம் அவருக்குப் படித்துக் காட்டப்படவில்லை, படித்துக் காட்டியதாக நான் போட்ட கையெழுத்து பொய் என்று. இரண்டிலும் ஒரு பிரதி எடுத்து, ஆய்வாளர் அலுவலகத்துக்கு நேராகத் தபாலில் போட்டுவிட்டுத்தான் மில்லுக்குள் போனேன்.

நேற்று எனக்கு மெமோ வந்துவிட்டது. பொய்ச் சான்று அளித்ததற்காக உன்மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று. திங்கட்கிழமை விசாரணை. அதே அறை. மல்லிகா டைப்ரைட்டரில் உட்காருவாள், உங்கள் நாற்காலியில் நான் உட்காருவேன்.

அம்மாவிடம் சொன்னேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "வேல போயிருமாடி?" என்றாள்.

"போகும்னுதான் நெனைக்கிறேன்."

கொஞ்ச நேரம் கீரையை உருவினாள். பிறகு, "உங்கப்பாவுக்கு அன்னைக்கே தெரியும்டி" என்றாள்.

"விசாரணைக்கு முந்தியா?"

"ஆஸ்பத்திரியிலயே. நீ ரேகை வாங்கிட்டுப் போன பெறகு எங்கிட்டச் சொன்னாரு. 'புள்ள படிச்சுக் காட்டலடி. எம்மூஞ்சியப் பாத்துப் பேசல அது. என்னமோ வெவகாரமாத்தான் எழுதச் சொல்லியிருக்காங்க'ன்னாரு. நான் கேட்டேன், 'பெறகு ஏன் வச்சீங்க?'ன்னு. 'எம்மக முதல் முதலா ஒண்ணு கேக்குது, எப்படி மாட்டேன்னு சொல்ல?'ன்னாரு."

நான் இதுவரை யாரிடமும் சொல்லாதது ஒன்று இருக்கிறது அப்பா. மெமோவிலும் கேட்கவில்லை, விசாரணையிலும் கேட்கப் போவதில்லை. உங்களுக்கு வலி இருந்தது, அதனால் படித்துக் காட்டவில்லை என்றுதான் இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அது உண்மையில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்த பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்தக் காகிதத்தை மனதுக்குள் தமிழில் படித்துப் பார்த்தேன். உங்களுக்குச் சொல்ல வேண்டுமே என்று ஒத்திகை. இங்கிலீஷில் அவ்வளவு அழகாக இருந்த வாக்கியம் தமிழில் வந்ததும் எப்படி இருந்தது தெரியுமா? மோர் ஊற்றிய அன்று நீங்கள் சொன்ன சணல் அப்போது ஞாபகம் வந்தது. காகிதத்தை மடித்தேன். இதைப் படித்துக் காட்டினால் அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார், ஒத்துக்கொள்ளாவிட்டால் நான் வெறுங்கையோடு ஆபீசுக்குத் திரும்ப வேண்டும் என்று கணக்குப் போட்டேன். தெரிந்துதான் செய்தேன் அப்பா. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. இந்தக் கதையில் மைசெல்ஃப் என்ற வார்த்தை சரியாகப் பொருந்துகிற ஆள் நான் ஒருத்திதான்.

உங்களுக்குச் சேர வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. அதை இப்போது செய்கிறேன். கேளுங்கள்.

"முத்தையா ஆகிய நான் மனமாரச் சொல்வது. ஏழாம் எண் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தபோது, நிலையான உத்தரவுகளை மீறி, அதன் மூடியை நானே திறந்து, கையை உள்ளே விட்டு, என்னை நானே காயப்படுத்திக்கொண்டேன். இதற்கு வேறு எவரும் பொறுப்பல்ல. மேற்கண்டது முத்தையாவாகிய எனக்குத் தமிழில் படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொள்கிறேன்."

இதுதான் அப்பா அதில் இருந்தது.

சரியா இருக்கா என்று கேட்டீர்களே. இல்லை. அதில் ஒரு வரிகூடச் சரியில்லை.

திங்கட்கிழமை அந்த அறையில் என்னிடமும் அதே கேள்வியைக் கேட்பார்கள், படித்துக் காட்டினாயா என்று. நான் டைப்ரைட்டரைப் பார்க்க மாட்டேன். கேட்பவர் முகத்தைப் பார்த்து, இல்லை என்று சொல்வேன். என் அப்பா அன்று சொன்னது என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய் என்றும் சொல்வேன். மல்லிகா அதை அடித்து முடித்ததும், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், சத்தமாகத் தமிழில் படித்துக் காட்டச் சொல்வேன். வேலை போனால் போகட்டும். கருப்பையாவின் பெயரை எவரும் புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் உங்கள் பெயரைச் சொன்ன மாதிரி சொல்லக் கூடாது. அதற்கு எத்தனை படி ஏற வேண்டுமோ, ஏறுவேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
பதினொரு வருஷம் கழித்துப் படித்துக் காட்டிய உங்கள் மூத்த மகள்,
மு. வசந்தா